ஓட்டுக் கணக்கு

உத்திரமேரூர் என்றதும் எல்லோருக்கும் ஓட்டுதான் ஞாபகம் வரும். ஓலையில் பேர் எழுதி, குடத்தில் போட்டுக் குலுக்கி, விவரம் தெரியாத ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்ன குடவோலை முறை. முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919இலும் 921இலும் எழுதிய விதிகள் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இன்றும் இருக்கின்றன. உலகத்துக்கே ஜனநாயகம் சொல்லிக்கொடுத்த ஊர் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். கால்வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும் என்று அதே சுவரில் இருக்கும் வரிகளை மட்டும் மேடையில் யாரும் வாசிப்பதில்லை. அது வேறு கட்டுரை.

அந்தக் கல்வெட்டில் எனக்குப் பிடித்தது தேர்தல் பகுதி இல்லை, கணக்குப் பகுதி. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் பேரை மறுபடி குடத்தில் போட முடியாது. அவர் பேர் மட்டுமல்ல, நெருங்கிய உறவினர் பேரையும் போட முடியாது. ஊர்க் கணக்கு எழுதுகிறவருக்கு இன்னும் கறாரான விதி. தான் எழுதிய கணக்கைத் தானே கொண்டுவந்து காட்ட வேண்டும். ஒருத்தர் எழுதியதை இன்னொருத்தர் வந்து முடித்துவைக்கக் கூடாது. கணக்கில் கைச்சுத்தம் என்று பெரியவர்கள் ஒப்புக்கொண்ட பிறகுதான் மறுபடி அந்த வேலை.

இந்தக் கட்டுரை இன்னொரு ஓட்டைப் பற்றியது. ஆழ்கடலின் அடியில் கிடக்கும், மணல் துகள் அளவே உள்ள சுண்ணாம்பு ஓடு. 20,000 ஆண்டுகளுக்கு முன்னால் ஆழ்கடல் எவ்வளவு புளித்திருந்தது, 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் எவ்வளவு புளித்திருந்தது என்பதை அந்த ஓட்டின் வேதியியலை வைத்துச் சொல்கிறார்கள். அந்தக் கணக்கை வாசிக்கக் கற்றுக்கொண்ட கதைதான் இது. கல்வெட்டில் இருக்கும் கணக்கர் விதி நடுவில் ஒருமுறை நமக்குத் தேவைப்படும்.

முதலில் வண்டல். உத்திரமேரூர்ப் பெரிய ஏரிக்குப் பல்லவர் காலப் பெயர் வைரமேக தடாகம். ஊர்ச் சபையில் ஏரிக்கென்றே ஒரு வாரியம் இருந்தது. ஏரியில் வண்டல் எடுப்பதற்காகப் பொன் எழுதிவைத்த கல்வெட்டுகளும் உண்டு. ஏரி என்றால் வண்டல் சேரும், சேர்ந்தால் எடுத்தாகணும். கோடையில் எங்கள் பக்கத்து ஏரிகளில் டிராக்டர் இறங்கி வயலுக்கு வண்டல் மண் ஏற்றிப்போவதை இன்றைக்கும் பார்க்கலாம். விவசாயிக்கு லாபம். ஆனால் பழைய காலத்தைத் தேடுகிறவருக்கு நஷ்டம், ஏனென்றால் அடுக்கடுக்காகச் சேர்ந்த பக்கங்கள் கலைந்துபோகின்றன.

ஆழ்கடலில் தூர் வார ஆளில்லை. கரையிலிருந்து வெகுதூரத்தில், மூன்று நான்கு கிலோமீட்டர் தண்ணீருக்கு அடியில், ஆயிரம் ஆண்டுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வேகத்தில் சேறு படிகிறது. மேலே உள்ள சில சென்டிமீட்டரைப் புழுக்கள் கிளறிவிடும், அதனால் நூறு இருநூறு ஆண்டுகளைத் துல்லியமாகப் பிரிக்க முடியாது. மற்றபடி அப்படியே கிடக்கிறது. குழாயை இறக்கி ஒரு பத்து மீட்டர் உருளையை எடுத்தால் ஐந்து லட்சம் ஆண்டுகள் கையில் இருக்கும்.

அந்தச் சேற்றில் பாதிக்கு மேல் பல இடங்களில் ஓடுகள்தான். ஃபோராமினிஃபெரா என்று பெயர், ஆராய்ச்சிக்காரர்கள் செல்லமாக ஃபோராம் என்பார்கள். ஒரே ஒரு செல்லால் ஆன உயிர். மூளை கிடையாது, வாய் கிடையாது, ஆனால் தன்னைச் சுற்றி அறை அறையாக ஒரு வீடு கட்டிக்கொள்ளும். சில வகைகள் கடலின் மேல்மட்டத்தில் மிதக்கும், சில அடித்தரையில் வாழும். பெரும்பாலானவை அரை மில்லிமீட்டர்கூடத் தேறாது. பழங்காலத்தில் காசு அளவு வளர்ந்த பெரிய வகைகளும் உண்டு. எகிப்தின் பிரமிடுகளைக் கட்டிய சுண்ணாம்புக் கல்லில் அவை நிறைய. பிரமிடுக்குப் பக்கத்தில் உதிர்ந்து கிடந்த அந்த வட்டத் துணுக்குகளைப் பார்த்துவிட்டு, வேலையாட்கள் சாப்பிட்டு மிச்சம் வைத்த பருப்புதான் கல்லாகிவிட்டது என்று ஊர்க்காரர்கள் சொன்னதாக ஸ்ட்ராபோ எழுதிவைத்திருக்கிறார். 1826இல் பிரெஞ்சுக்காரர் அல்சீட் தோர்பின்யி இந்த உயிர்களுக்குத் துளை தாங்கிகள் என்று பொருள்படும் பெயரை வைத்தார். அவர்கூட முதலில் இவற்றை நத்தை, கணவாய் வகையறா என்றுதான் நினைத்தார்.

கடல் ஓட்டுக்கும் காஞ்சிபுரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். உத்திரமேரூரிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர் வடகிழக்கே ஸ்ரீபெரும்புதூர். இன்று கார் தொழிற்சாலை ஊர். அந்த வட்டாரத்து மண்ணுக்கடியில் சுமார் 13 கோடி ஆண்டு பழைய பாறை அடுக்கு இருக்கிறது. பல்லாவரத்தில் 1863இல் கைக்கோடரியைக் கண்டெடுத்த அதே ராபர்ட் புரூஸ் ஃபுட் இந்தப் பகுதியையும் வரைபடமாக்கினார். அங்கே செடி கொடிகளின் அச்சும் கிடைக்கிறது, கடல்வாழ் அம்மோனைட்டும் கிடைக்கிறது. ஃபோராம்களும் கிடைத்திருக்கின்றன, ஆனால் சுண்ணாம்பில் இல்லாமல் மணல் துகள்களை ஒட்டிக் கட்டிய ஓடுகள். கடல் வந்துபோனதைச் சொல்லும். அந்தக் கடல் எவ்வளவு புளிப்பு என்று அதனால் சொல்ல முடியாது. அதற்குச் சுண்ணாம்பு ஓடு வேண்டும்.

சுண்ணாம்பு நமக்குப் புதிசு இல்லை. வெற்றிலையில் தடவுவதும், பழைய வீட்டுச் சுவரில் பூசியதும் கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு எடுத்ததுதான். கிளிஞ்சல் என்பது கால்சியம் கார்பனேட். சுடும்போது கார்பன் டை ஆக்சைடு வெளியே போகிறது. நீற்றிப் பூசிய பிறகு சுவர் காற்றிலிருந்து அதே கார்பன் டை ஆக்சைடை மெல்ல மெல்ல வாங்கி மறுபடி கல்லாகிறது. கிளிஞ்சல் மேல் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், நுரைக்கும். புளிப்பு சுண்ணாம்பைத் தின்கிறது. கடலுக்குள் நடப்பதும் இதேதான், ரொம்ப மெதுவாக. தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு கூடினால் கார்பானிக் அமிலம் கூடும், ஓடு கட்டத் தேவையான கார்பனேட் அயனி குறையும், ஒரு கட்டத்துக்கு மேல் ஏற்கெனவே கட்டிய ஓடும் கரையும்.

இதை முதன்முதலில் கடல் அளவில் பார்த்தது சேலஞ்சர் கப்பல். 1872 டிசம்பரில் இங்கிலாந்தைவிட்டுக் கிளம்பி 1876 மே மாதம் திரும்பியது. உலகைச் சுற்றியது, வங்கக் கடலுக்குள் மட்டும் வரவில்லை. கப்பலின் அறிவியல் தலைவர் வைவில் தாம்சன், சேற்றில் கிடைக்கும் குளோபிஜெரினா ஓடுகள் கடலடியில் வாழ்ந்த உயிர்களுடையவை என்று நம்பினார். கூட இருந்த ஜான் முர்ரே மேல்மட்டத்தில் வலை போட்டு இழுத்து அவை உயிரோடு மிதப்பதைக் காட்டினார். மேலே வாழ்ந்து, செத்து, மழை மாதிரி கீழே விழுகின்றன. அப்படியென்றால் கடலடி முழுக்க ஓடு இருக்கணுமே? இல்லை. ஓரளவு ஆழம் வரை வெள்ளைச் சேறு. இன்னும் ஆழத்தில் ஓடுகள் அரிக்கப்பட்டுக் கிடைத்தன. அதற்கும் கீழே ஓடே இல்லாத செங்களிமண். விழுகிற மழை ஒன்றுதான், ஆனால் ஆழத்துக்குப் போகப்போக அது கரைந்துவிடுகிறது. கடலுக்கடியில் இருக்கும் மலைகளை வெளியே எடுத்து வைக்க முடிந்தால் உச்சியில் சுண்ணாம்படித்தும் அடிவாரத்தில் செம்மண் பூசியும் இருக்கும். பெரும்பாலான கடல்களில் அந்தக் கோடு நாலு, அஞ்சு கிலோமீட்டர் ஆழத்தில் ஓடுகிறது.

ஏன் ஆழத்தில் கரைகிறது? குளிர், அழுத்தம், பழைய தண்ணீர். மேலிருந்து விழும் செத்த உயிர்கள் மட்கும்போது வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு ஆழ்கடல் தண்ணீரில் நூற்றாண்டுக் கணக்கில் சேருகிறது. அதனால் ஆழ்கடல் என்பது பூமியின் கார்பன் கிடங்கு. காற்றில் இருப்பதைப்போல ஐம்பது, அறுபது மடங்கு கார்பன் கடலில் இருக்கிறது, அதில் பெரும்பகுதி ஆழத்தில். கிடங்குக் கதவு கொஞ்சம் திறந்தாலும் மூடினாலும் மேலே வானிலை மாறும்.

1960களில் மெல்வின் பீட்டர்சன் செய்த பரிசோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். கால்சைட் கற்களை உருண்டையாக வழவழவென்று தேய்த்து, எடை போட்டு, பசிபிக் கடலின் நடுவே ஒரு நீளமான கயிற்றில் வெவ்வேறு ஆழங்களில் கட்டித் தொங்கவிட்டார். சில மாதம் கழித்து இழுத்து மறுபடி எடை போட்டார். அவ்வளவுதான். சுமார் 3,700 மீட்டர் வரை எடை அதிகம் குறையவில்லை, அதற்குக் கீழே சடாரென்று குறைந்தது. 1966இல் வெளியான அந்த முடிவு, கரைவு படிப்படியாகக் கூடுவதில்லை, ஒரு வாசல்படி மாதிரி இருக்கிறது என்று காட்டியது. வொல்ஃப்காங் பெர்கர் கல்லுக்குப் பதில் ஃபோராம் ஓடுகளையே தொங்கவிட்டுப் பார்த்தார். சில இன ஓடுகள் சீக்கிரம் கரைந்தன, சில தாக்குப்பிடித்தன. சேற்றில் எந்த இனம் மிஞ்சியிருக்கிறது என்று பார்த்தே அந்தக் காலக் கரைவைக் கணிக்கலாம் என்றானது. கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனத்தில் சுஷாந்த் நாயக்கும் திவாகர் நாயுடுவும் மேற்கு இந்தியப் பெருங்கடலின் சேற்றில் செய்தது இந்த மரபில் வருகிற வேலைதான். ஓடுகளை எடை போட்டு, சேதாரம் பார்த்து, அவற்றின் வேதியியலோடு ஒப்பிட்டு, எந்த ஆழத்தில் கரைவு தொடங்குகிறது என்று 2007இல் எழுதினார்கள்.

ஆனால் எடையும் சேதாரமும் ‘அதிகம் புளிப்பு’, ‘கம்மிப் புளிப்பு’ என்று மட்டும்தான் சொல்லும். எவ்வளவு என்று கேட்டால் எண் வேண்டும். அந்த எண்ணின் பெயர் பி.எச். 1909இல் கோபன்ஹேகனில், பீர் காய்ச்சும் கார்ல்ஸ்பெர்க் நிறுவனத்தின் ஆய்வகத்தில் சோரன் சோரன்சன் கண்டுபிடித்த அளவுகோல். எண் இறங்கினால் புளிப்பு ஏறும். அது நேர்கோட்டு அளவுகோல் இல்லை என்பதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். 0.3 என்பது பார்க்கச் சின்னது. ஆனால் பி.எச். 0.3 குறைந்தால் அமில அயனிகள் இரட்டிப்பாகிவிட்டன என்று அர்த்தம்.

செத்துப்போன கடலில் பி.எச். மீட்டரை எப்படி விடுவது? இங்கேதான் போரான் வருகிறது. கேரம் போர்டில் தூவும் போரிக் பவுடர் ஞாபகமிருக்கிறதா? அந்தப் போரான்தான். கடல்நீரில் அது இரண்டு வடிவத்தில் இருக்கிறது. ஒன்று அதே போரிக் அமிலம், இன்னொன்று மின்னேற்றம் கொண்ட போரேட். தண்ணீர் புளித்தால் போரிக் அமிலம் கூடும், காரம் ஏறினால் போரேட் கூடும். போரான் அணுக்களிலும் இரண்டு ரகம், எடை 10, எடை 11. இயற்கையில் கிட்டத்தட்ட ஒன்றுக்கு நாலு. கனமான 11க்குப் போரிக் அமில வடிவம் பிடிக்கும், இலேசான 10க்குப் போரேட். ஃபோராம் ஓடு கட்டும்போது தெரியாத்தனமாகப் போரேட்டை மட்டும் உள்ளே எடுத்துக்கொள்கிறது. ஆக, கடல் புளிப்பாக இருந்தால் போரேட் சொற்பம், அதில் இலேசான போரானின் கை ஓங்கியிருக்கும். காரம் ஏற ஏறப் போரேட்டில் 11இன் பங்கு கூடும். ஓட்டைக் கரைத்து 11க்கும் 10க்கும் உள்ள விகிதத்தை அளந்தால், அந்த ஓடு கட்டப்பட்ட நாளின் பி.எச். கிடைக்கும். 1992இல் கேரி ஹெம்மிங்கும் கில்பர்ட் ஹான்சனும் இன்றைய கடலின் ஓடுகளிலும் பவளங்களிலும் அளந்து, உள்ளே போவது போரேட்தான் என்பதற்கு ஆதாரம் தந்தார்கள்.

சொல்லச் சுலபம். ஓட்டில் பத்து லட்சம் கால்சியம் அணுக்களுக்குச் சுமார் 200 போரான் அணுக்கள்தான் இருக்கும். நுண்ணோக்கியில் குனிந்து, ஈரத் தூரிகை நுனியால் ஒவ்வொரு ஓடாகப் பொறுக்கி, உடைத்து, களிமண் போகக் கழுவி, நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் கரைக்க வேண்டும். சோதனைச்சாலைக் கண்ணாடியிலேயே போரான் இருக்கிறது. காற்றைச் சுத்தம் செய்ய வைக்கும் வடிகட்டியின் கண்ணாடி இழையிலும் இருக்கிறது. கண்ணாடியை ஒதுக்கி, வடிகட்டியை மாற்றி, காற்றுக்கே காவல் போட்டுத்தான் இந்த அளவீட்டைச் செய்கிறார்கள்.

இனி அந்தத் தப்புக்கு வருவோம்.

அண்டார்டிக் பனிக்கட்டியில் சிக்கிய பழைய காற்றை அளந்தபோது ஒரு புதிர் வந்தது. கடைசிப் பனியுகத்தில் காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 180, 190 பங்குதான். பனியுகம் முடிந்ததும் 260, 270க்கு ஏறியது. அந்த 80 பங்கு எங்கே போய் ஒளிந்திருந்தது? காடுகளில் இல்லை, பனியுகத்தில் காடே குறைவு. மிச்சம் இருப்பது ஆழ்கடல்தான். ஆனால் எப்படி?

1995இல் அபிஜித் சன்யால், ஹெம்மிங், ஹான்சன், வாலஸ் புரோக்கர் நாலு பேரும் நேச்சர் இதழில் ஒரு விடை வைத்தார்கள். பனியுக ஆழ்கடலின் பி.எச். இன்றைவிட 0.3 அதிகம், அதாவது அமில அயனிகள் பாதிதான். அவ்வளவு காரமான கடல் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சியிருக்கும். புதிர் தீர்ந்தது. விடை அழகாக இருந்தது, ஒரு உறுத்தலைத் தவிர. ஆழ்கடல் அவ்வளவு காரமாக இருந்திருந்தால் முர்ரே பார்த்த அந்த வெள்ளைக் கோடு வெகுவாகக் கீழே இறங்கியிருக்க வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் செங்களிமண் படிந்த ஆழங்களில் பனியுகத்தில் மட்டும் ஓடு நிறைந்திருக்க வேண்டும். சேறு அப்படிச் சொல்லவில்லை.

எங்கே பிசகியது? அடித்தரை ஓடுகள் சேற்றில் கொஞ்சம்தான் கிடைக்கும். அன்றைய கருவிக்கு நிறைய ஓடு வேண்டும். அதனால் பல இனத்து ஓடுகளைக் கலந்து கரைத்திருந்தார்கள். கணக்கர் விதியை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இனமும் ஒரு கணக்கர். சிலது சேற்றுக்கு மேலே, கல்லின் மீதோ வேறு எதன் மீதோ ஏறி உட்கார்ந்து, ஆழ்கடல் தண்ணீரிலேயே ஓடு கட்டும். சிலது சேற்றுக்குள் புதைந்து வாழும்; அதைச் சுற்றி இருப்பது கடல்நீர் அல்ல, அழுகல் கலந்த சேற்று நீர். அதன் பி.எச். வேறு. இரண்டு பேர் எழுதியதை ஒரே நோட்டில் கூட்டினால் வருவது யாருடைய கணக்கும் இல்லை. கலவையில் இனங்களின் விகிதம் பனியுகத்துக்கும் இன்றைக்கும் மாறியிருந்தால், கடல் மாறாமலேயே எண் மாறும்.

2008இல் பேர்பெல் ஹோனிஷும் சக ஆய்வாளர்களும் ஒரே ஒரு இனத்தை எடுத்துக்கொண்டார்கள். சிபிசிடாய்டிஸ் வுல்லர்ஸ்டார்ஃபி, சேற்றுக்கு மேலே வாழும் வகை. அந்த ஓட்டை மட்டும் அளந்தபோது 0.3 என்ற பெரிய தாவலுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. 2011இல் ஜேம்ஸ் ரே குழு பல இனங்களைத் தனித்தனியாக அளந்து, மேலே வாழ்பவை கடலைச் சொல்கின்றன, புதைந்து வாழ்பவை சேற்றைச் சொல்கின்றன என்று காட்டியது. இதில் என்னை நிறுத்திய விஷயம் ஒன்று உண்டு. 2008 கட்டுரையை எழுதிய மூவரில் ஒருவர் கேரி ஹெம்மிங். 1992இல் முறையை நிறுவியவர், 1995இல் அந்த 0.3ஐச் சொன்னவர்களில் ஒருவர், 13 ஆண்டு கழித்து அதைத் திருத்திய கட்டுரையிலும் அவர் பெயர். தன் கணக்கைத் தானே கொண்டுவந்து காட்டியிருக்கிறார். அறிவியல் என்றால் கண்டுபிடிப்பு என்று மட்டும் நமக்குச் சொல்லித்தருகிறார்கள். இப்படித் திரும்பிவந்து திருத்துவதைப் பாடப்புத்தகம் சொல்வதே இல்லை.

சரி, புதிர் மறுபடி புதிராகிவிட்டதே? ஆகவில்லை. ஆழ்கடலின் பி.எச். பெரிதாக மாறாமலே நிறைய கார்பனைப் பதுக்க முடியும், ஏனென்றால் கடலடியே ஒரு சுண்ணாம்புச் சட்டி. கார்பன் கூடினால் தண்ணீர் புளிக்கும், புளித்தால் அடியில் உள்ள ஓடு கரையும், கரைந்த சுண்ணாம்பு புளிப்பை முறித்துவிடும். சில ஆயிரம் ஆண்டுகளில் கணக்கு நேராகிவிடும். ஆகவே, பதுக்கலைப் பார்க்க வேண்டுமானால் எல்லாம் அடங்கிய பின் பார்த்துப் பிரயோஜனமில்லை. கதவு திறக்கும் நேரத்தில் பார்க்கணும்.

அதற்கு உதவியது போரானின் இன்னொரு கணக்கு. ஜிமின் யூவும் ஹாரி எல்டர்ஃபீல்டும் 2007இல் காட்டியது: அதே வுல்லர்ஸ்டார்ஃபி ஓட்டில் கால்சியத்துக்கு எத்தனை போரான் என்று எண்ணினாலே ஆழ்கடலின் கார்பனேட் அயனி அளவு தெரியும். ஐசோடோப்பு அளவீட்டைவிட இது சுலபம், குறைந்த ஓடு போதும். 2010இல் யூவின் குழு மூன்று பெருங்கடல்களிலிருந்தும் ஐந்து உருளைகளை எடுத்து இதை அளந்தது. 17,500 முதல் 14,500 ஆண்டுகளுக்கு முன்னால் வரை ஆழ்கடல் விட்ட கார்பன் பெரும்பாலும் காற்றில் தங்கியிருக்கிறது. அதன் பிறகு, 14,000 முதல் 10,000 வரை, விட்டதில் கணிசமான பங்கைப் புதிதாக முளைத்த காடுகள் வாங்கிக்கொண்டிருக்கின்றன. கிடங்கிலிருந்து போன சரக்கு யார் வீட்டுக்குப் போனது என்பது வரை வரவு செலவு வந்துவிட்டது.

கிடங்கின் கொள்ளளவுக்கு மேல் சரக்கு வந்தால் என்னாகும் என்பதற்கும் ஒரு பழைய வழக்கு இருக்கிறது. 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், இந்தியா இன்னும் கடல் நடுவே வடக்கே நகர்ந்துகொண்டிருந்தபோது, சில ஆயிரம் ஆண்டுகளுக்குள் பெருமளவு கார்பன் காற்றிலும் கடலிலும் கொட்டியது. பூமி 5, 6 டிகிரி சூடேறியது. கென்னட்டும் ஸ்டாட்டும் 1991இல் அண்டார்டிகா பக்கத்து உருளையில் இதைப் பார்த்தார்கள். 2003இல் தென் அட்லாண்டிக்கின் வால்விஸ் மேட்டில் வெவ்வேறு ஆழங்களில் துளைத்தபோது, எல்லா உருளையிலும் வெள்ளைச் சேற்றின் நடுவே ஒரு சிவப்புப் பட்டை. ஓடே இல்லாத களிமண். முர்ரேயின் கோடு பத்தாயிரம் ஆண்டுக்குள் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் மேலேறிவிட்டது என்று ஜேம்ஸ் ஜாகோஸ் குழு 2005இல் எழுதியது. மேல்மட்டக் கடலின் பி.எச். சுமார் 0.3 இறங்கியதாகப் போரான் சொல்கிறது. ஆழ்கடல் தரையில் வாழ்ந்த ஃபோராம் இனங்களில் 30 முதல் 50 விழுக்காடு அதோடு காணாமல் போயின. அவை அதற்கு முன், டைனோசர்களை அழித்த விண்கல்லுக்கே அசராதவை.

பழைய நிலைக்கு வர ஒரு லட்சம் ஆண்டுக்கு மேல் ஆனது. அப்போதும் மீட்டது அதே சுண்ணாம்புச் சட்டிதான், கூடவே பாறைகளின் தேய்மானம்.

அந்தக் காலத்தில் ஆண்டுக்கு எவ்வளவு கார்பன் கொட்டியது? ரிச்சர்ட் ஜீபி குழு 2016இல் போட்ட கணக்குப்படி அதிகபட்சம் 110 கோடி டன். இன்று நாம் கொட்டுவது ஆண்டுக்குச் சுமார் 1,000 கோடி டன். இதில் கால் பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது. தொழிற்புரட்சிக்குப் பிறகு மேல்மட்டக் கடலின் பி.எச். சுமார் 0.1 இறங்கிவிட்டது. சுண்ணாம்புச் சட்டி வேலை செய்யாதா என்றால், செய்யும், ஆனால் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில். மேல்மட்டத் தண்ணீர் ஆழத்துக்குப் போய்ச் சேரவே நூற்றாண்டுகள் ஆகும். போய்ச் சேர்ந்த இடங்களில் வேலை தொடங்கிவிட்டது. மேற்கு அட்லாண்டிக்கின் சில பகுதிகளில் நம் கார்பன் ஏற்கெனவே கடலடியைத் தொட்டு ஓடுகளைக் கரைக்கிறது, கோடு சுமார் 300 மீட்டர் மேலேறியிருக்கிறது என்று ஒலிவியே சுல்பி குழு 2018இல் கணித்தது. எதிர்காலத்தில் ஒரு உருளையை எடுப்பவர் நம் காலத்தை அடையாளம் காணப்போவது ஒரு சிவப்புப் பட்டையாகத்தான் இருக்கலாம்.

வங்கக் கடல்? உத்திரமேரூரிலிருந்து கடற்கரை நேர்கோட்டில் சுமார் 45 கிலோமீட்டர். அங்கிருந்து தென்கிழக்கே சுமார் 1,400 கிலோமீட்டர் போனால் தொண்ணூறு கிழக்கு மேடு என்ற கடலடி மலைத்தொடர். கங்கையின் வண்டல் எட்டாத உயரத்தில் அது நிற்பதால் ஓட்டுச் சேறு சுத்தமாகக் கிடைக்கும். 1988இல் அங்கே ஒரு துளை போட்டார்கள். 2014 நவம்பர் கடைசியில் சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய ஜாய்டிஸ் ரெசல்யூஷன் கப்பல் அதன் பக்கத்திலேயே மறுபடி துளைத்தது. அந்த இடத்தின் பெயர் யு 1443, அங்கே கடல் ஆழம் கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர். அந்த உருளையில் சுமார் 1.3 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் தொடங்கி, சில பத்து லட்சம் ஆண்டுகளுக்கு ஓட்டுச் சேறு படிவது சரிந்துபோனதை யூலியா லூபர்ஸும் சக ஆய்வாளர்களும் 2019இல் எழுதினார்கள். பசிபிக்கில் ஏற்கெனவே தெரிந்திருந்த ‘கார்பனேட் சரிவு’ நம் கடலிலும் நடந்திருக்கிறது. மேலே ஓடு கட்டுவது குறைந்ததா, கீழே கரைவது கூடியதா, இரண்டும் எவ்வளவு என்பதில் வாதம் நடக்கிறது.

வாதத்தில் கலந்துகொள்ள விரும்புகிறவருக்கு ஒரு தகவல். இந்தியப் பெருங்கடலில் எடுத்த இந்த உருளைகள் கோச்சியில் இருக்கின்றன. நம்ம கொச்சி இல்லை, ஜப்பானின் ஷிகோகு தீவில் உள்ள கோச்சி. அங்கே குளிர் கிடங்கில், நெடுக்குவாட்டில் இரண்டாக அறுத்து, பாதியை ஆராய்ச்சிக்கும் பாதியை ஆவணத்துக்குமாக அடுக்கிவைத்திருக்கிறார்கள். துளைத்த ஜாய்டிஸ் ரெசல்யூஷன் 2024இல் ஓய்வுபெற்றுவிட்டது, சேறு இருக்கிறது. எந்த நாட்டு ஆய்வாளரும் எந்த உருளையில் எந்த சென்டிமீட்டர் வேண்டும், எதற்கு என்று எழுதி விண்ணப்பிக்கலாம். ஒப்புக்கொண்டால் ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில் கால் கைப்பிடிச் சேறு வரும். 63 மைக்ரான் சல்லடையில் போட்டுத் தண்ணீர் விட்டுக் கழுவினால் களிமண் போய்விடும், சல்லடையில் வெள்ளையாக ஓடுகள் நிற்கும். அதில் வுல்லர்ஸ்டார்ஃபி பத்து இருபது தேறினால் அதிர்ஷ்டம்.